சிக்ஸ்டன் வாங்கிய கணினி

சிக்ஸ்டன் அல்ம்ரூட்டின் இரண்டு கைகளும் மணிக்கட்டு வரை மாவில் புதைந்திருந்தன. ஆகவே அவரால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் மனைவி மாய்கென் எப்போதும் இந்த நேரமாகப் பார்த்துத்தான் பேச வருவாள். பிறவியிலேயே காது கேளாத இருவர் கையால்தான் பேசிக்கொள்ள வேண்டும். ஒருவர் கை மாவில் மாட்டிக்கொண்டால் மற்றவர் சொல்வதுதான் சட்டம். நீண்ட தாம்பத்தியத்தில் அவள் கண்டுபிடித்த நல்ல வழி இது.

வெளிச்சம் முகத்தில் விழும்படி அடுப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

"உன் லேப்டாப் மறுபடியும் நின்னுபோச்சு. நான் ஒண்ணும் பண்ணல, சும்மா எட்டிப் பாத்தேன். படத்துல வெர்னர் பேசிட்டே இருக்கான், திடீர்னு கை ரெண்டும் அந்தரத்துல தொங்குது. அப்பறம் ஒரே தாவு. நடுவுல என்ன சொன்னான்னு அவனுக்கே தெரியாது."

சிக்ஸ்டன் மூக்கைச் சுருக்கினார். கை மாட்டிக்கொண்ட நேரத்தில் அதுதான் அவருடைய ஆட்சேபணை.

"மூக்கச் சுருக்காத. புதுசு வாங்கு. ஒட்டுப்போட்டு ஓட்டற வயசு அதுக்குத் தாண்டிருச்சு. உனக்கும்தான். நவம்பர் வந்தாச்சுன்னா தூரே வந்து உக்காருவான். அவனுக்கு என்னத்தக் காட்டப் போற? தொங்கற கையையா?"

மாவை அப்படியே போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து பதில் சொல்லலாம்தான். ஆனால் அவள் சொன்னது சரி. ஏலக்காய் இன்னும் சேரவில்லை என்பது போல முகத்தை வைத்துக்கொண்டு மாவைப் பிசைந்தார்.

தூரே பிரிங் சிக்ஸ்டனின் பள்ளித் தோழர். ஏழு வயதில் பண்ணையிலிருந்து காது கேளாதோர் விடுதிப் பள்ளிக்கு வந்து இறங்கிய அன்று, சிக்ஸ்டனுக்குக் கிடைத்த கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில் தூரேயுடையது. வகுப்பறையில் கையால் பேசக் கூடாது என்றிருந்த காலம் அது. உதட்டைப் பார், உதட்டை அசை, கையைத் தொடைக்கு அடியில் வை. உண்மையான பேச்செல்லாம் விடுதியில் விளக்கணைத்த பிறகு டார்ச் வெளிச்சத்தில்தான் நடந்தது. ஒரே தொல்லை, கதை சுவையான இடத்துக்கு வரும்போது பையன்கள் வாய்விட்டுச் சிரித்துவிடுவார்கள். தாங்கள் சத்தம் போடுவது அவர்களுக்கு எப்படித் தெரியும்? விடுதிக் காப்பாளர் அம்மாள் வந்து நிற்பார். ஒவ்வொரு முறையும் பையன்களுக்கு ஆச்சரியமாக இருக்கும், இந்த அம்மாளுக்கு மட்டும் எப்படித் தெரிகிறது என்று.

தூரேக்குக் காதோடு கண்ணும் போய்க்கொண்டிருந்தது. முப்பது வயதில் இருட்டில் தடுமாற ஆரம்பித்தார். பிறகு பக்கவாட்டுப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. இப்போது ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதைப் போலத்தான் உலகத்தைப் பார்க்கிறார். குழாய் நடுவில் இருப்பது நன்றாகத் தெரியும். வெளியே இருப்பது இல்லவே இல்லை. அடுத்த வசந்த காலத்துக்குள் ஒருவருடைய முகமும் கையும் ஒன்றாகத் தெரியாமல் போகலாம் என்று கோடையில் மருத்துவர் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு கையைத் தொட்டுப் பேச வேண்டியதுதான். தூரே அதற்கும் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார். அழுதுகொண்டு உட்காரும் ஆள் இல்லை.

பழைய வகுப்புத் தோழர்களை ஒவ்வொருவராகத் தேடிப்போய், ஆளுக்கொரு பள்ளிக்கூடக் கதையைச் சொல்லவைத்து, இரண்டு வருடமாகப் படம் எடுத்து வைத்திருந்தார் சிக்ஸ்டன். நவம்பர் முதல் வெள்ளிக்கிழமை காது கேளாதோர் சங்கத்தில் எல்லோரும் கூடும்போது திரையிடுவதாக ஏற்பாடு. ஊருக்கெல்லாம் அது கூட்டத்துக்கான படம். சிக்ஸ்டனுக்கோ அது தூரேக்கான படம். தூரே கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடிய கடைசிப் படமாக அது இருக்கலாம்.

கண் போகிறவருக்கு இரக்கம் பயன்படாது. பின்னால் கறுப்புத் துணி, முன்னால் நல்ல வெளிச்சம், கை மார்புக்கு நேரே. இவைதான் பயன்படும். ஆகவே ஒவ்வொருவரையும் திரையின் நடுவில் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, ஓரத்தையெல்லாம் வெட்டி, இரண்டு பேர் பேசும் இடத்தில் ஒருவருக்குப் பின் ஒருவராக மாற்றி அடுக்க வேண்டியிருந்தது. ஓரத்தை வெட்டிய பிறகும் படம் கூர்மையாக இருக்க வேண்டும் என்பதற்காக எல்லாவற்றையும் பெரிய அளவில் எடுத்திருந்தார். அந்தக் கனம்தான் பழைய லேப்டாப்பின் முதுகை ஒடித்தது. காது கேட்பவர்களின் படம் கொஞ்சம் திக்கினால் பேச்சாவது காதில் விழும். இவர்கள் படம் திக்கினால் வார்த்தையே காணாமல் போய்விடும்.

மறுநாள் சோரானின் கடைக்குப் போனார்கள். கணினியைப் பாகம் பாகமாகச் சேர்த்துக் கட்டித் தரும் சிறிய கடை. சோரான் நரைத்த மீசைக்காரர். பேச்சுக்குப் பதிலாகத் தன் திரையில் பெரிய எழுத்தில் தட்டச்சு செய்து காட்டினார். சிக்ஸ்டனும் தட்டச்சு செய்தார்.

"என்ன வேலைக்கு?"

"வீட்டு வீடியோ, ஃபோட்டோ. வெட்டி ஒட்டணும். கை திக்கக் கூடாது."

"எந்தக் கை?"

சிக்ஸ்டன் ஒரு பென் டிரைவை நீட்டினார். அதில் மாய்கென் தன் அக்காவைப் பற்றிப் புகார் சொல்லும் ஒரு துண்டு இருந்தது. எரெப்ரூ நகரத்திலேயே அவளைவிட வேகமாகக் கை ஓட்டுபவர் கிடையாது. அக்காவைப் பற்றி என்றால் இன்னும் வேகம்.

சோரான் முதலில் திரைக்குள்ளேயே எல்லாம் அடங்கிய ஒல்லியான ஒன்றில் போட்டுக் காட்டினார். பார்வைக்கு அழகு. அக்காவின் இரண்டாம் திருமணத்தில் படம் நின்றுவிட்டது. அடுத்து உள்ளங்கை அளவுப் பெட்டி ஒன்று. அது ஒரு படத்தை ஓட்டியது; இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஓரத்தை வெட்டியதும் மூச்சு வாங்கியது. மூன்றாவதாக மேசைக்கு அடியிலிருந்து ஒரு பெரிய கறுப்புப் பெட்டியை இழுத்து வைத்தார்.

"இதுல மெமரி தாராளம். கிராஃபிக்ஸ் கார்டு நல்லது. வேகமான டிஸ்க் ஒண்ணு வேலைக்கு, பெரிய டிஸ்க் ஒண்ணு சேத்து வைக்க. கலர் லைட்டெல்லாம் கிடையாது. லைட் வீடியோ வெட்டாது."

அதன் திரையில் மாய்கென் அக்காவின் இரண்டாம் திருமணத்தை, அதற்குப் பின் நடந்ததை, நகை விவகாரத்தை எல்லாம் ஒரு விரல் பிசகாமல் சொல்லி முடித்தாள். கடையில் நின்ற நிஜ மாய்கென் திருப்தியாகத் தலையாட்டினாள்.

திரையைத் தேர்ந்தெடுக்க சிக்ஸ்டன் சட்டைப்பையிலிருந்து ஒரு பட்டையை எடுத்தார். நாற்பது வருடம் பல் கட்டும் கூடத்தில் வேலை பார்த்தவர் அவர். நகரத்தில் பாதிப் பேர் வாயில் அவர் செய்த பல் இருக்கிறது. நண்பர்கள் அவரைக் குறிப்பிட முன்பல்லை விரலால் இரண்டு தரம் தட்டுவார்கள், அதுதான் அவர் பெயர். பட்டையில் பல்லின் நிறங்கள் வரிசையாக இருந்தன. அதைப் படம் பிடித்து ஒவ்வொரு திரையிலும் போட்டு, பட்டையைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். பளபளப்பான திரைகளில் கிழவன் பல்லும் குமரி பல்லும் ஒரே வெள்ளையாக இருந்தன. மங்கலாகத் தெரிந்த ஒன்றில்தான் பத்து நிறமும் பத்தாகத் தெரிந்தது. அதை எடுத்துக்கொண்டார்.

கடைசியில் சோரான் தட்டச்சு செய்தார்: "ஒரு விஷயம். வேலை அதிகமானா இதோட ஃபேன் நல்லாவே சத்தம் போடும். ரெண்டு வாரம் பொறுத்தா சத்தம் அடக்கற பெட்டி வரும், மாத்திக் கட்டித் தரேன். பரவால்லயா, இல்ல காத்திருக்கீங்களா?"

சிக்ஸ்டன் ஒரே வார்த்தை அடித்தார். "யாருக்கு?"

பிறகு மாய்கெனைப் பார்க்க, இருவரும் கடை அதிரச் சிரித்தார்கள். சோரானும் சிரித்துவிட்டார். சிக்ஸ்டன் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பல்லை மெருகேற்றும் பழைய மோட்டாரைப் போலத் திமிறிக்கொண்டு அதிர்ந்தது. அவருக்கு அது மிகவும் பிடித்திருந்தது. அதிராத இயந்திரத்தை எப்படி நம்புவது?

வீட்டுக்கு வந்ததும் பெட்டியை மேசைமேல் வைக்கவில்லை. வேண்டுமென்றே மரத் தரையில் நேராக வைத்தார். படத்தையெல்லாம் சேர்த்து ஒரே கோப்பாகக் கட்டி எடுக்க மணிக்கணக்காகும். அது முடிந்ததா என்று அடிக்கொரு தரம் எழுந்து போய்ப் பார்க்க வேண்டாமே. தரையில் வைத்தால் சமையலறையில் நிற்கும்போதே காலுறை வழியாக உள்ளங்காலில் தெரியும். அதிர்வு இருந்தால் ஓடுகிறது, நின்றால் முடிந்தது.

"நீ புத்திசாலிதான்" என்றாள் மாய்கென். அவள் கை வேலையாக இல்லாதபோதே சொன்னாள். ஆகவே மனமார்ந்த பாராட்டுதான்.

அடுத்த இரண்டு வாரமும் காலை எட்டு மணிக்கு உட்காருவார். வெட்டுவார், அடுக்குவார், கட்டி எடுப்பார், பார்ப்பார், பிடிக்காமல் மறுபடி வெட்டுவார். பெட்டி பகலெல்லாம் அதிர்ந்தது. அவரும் சந்தோஷமாக இருந்தார்.

இரண்டாம் வாரம் மாடிப்படிக் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. இந்த மாதிரிக் கட்டிடங்களில் யாரும் யார் கதவையும் தட்டிச் சண்டை போடுவதில்லை; காகிதம்தான் ஒட்டுவார்கள்.

"அன்புள்ள அண்டை வீட்டாருக்கு, பகல் முழுவதும் யாரோ ஓர் இயந்திரத்தை ஓட்டுகிறார்கள். இரவு வேலை பார்ப்பவர்களும் இங்கே குடியிருக்கிறோம் என்பதைத் தயவுசெய்து நினைவில் கொள்ளவும். இப்படிக்கு, தூங்க விரும்பும் ஒருவர்."

சிக்ஸ்டன் இரண்டு முறை படித்தார். வருத்தமாக இருந்தது அவருக்கு. எவ்வளவு பொறுப்பில்லாத ஜனங்கள்! வீட்டுக்கு வந்து மாய்கெனிடம் சொன்னார்.

"மூணாம் மாடியில புதுசா ஒருத்தன் வந்திருக்கான்ல, அவன்தான். சுவத்துல துளை போட்டே வாழறான்" என்றாள் அவள்.

"பாவம் அந்தத் தூங்காத ஜீவன். நாம ஆதரவா ஒரு வார்த்தை சொல்லணும்."

ஆகவே சிக்ஸ்டன் பேனாவோடு கீழே போய், காகிதத்தின் அடியில் அழகான கையெழுத்தில் எழுதினார்: "முழுவதும் ஒத்துக்கொள்கிறேன். வெட்கக்கேடு! எஸ். அல்ம்ரூட், இரண்டாம் மாடி."

திரையிட வேண்டிய வெள்ளிக்கிழமை வந்தது. படம் முடிந்துவிட்டது. காலை ஆறரை மணிக்கே கடைசி முறையாகக் கட்டி எடுக்கப் பெட்டியை ஓடவிட்டு, சிக்ஸ்டன் பன்களை அடுப்பில் வைத்தார். எட்டரை மணிக்கு வீட்டு விளக்கெல்லாம் அணைந்து அணைந்து எரிந்தது. யாரோ வாசல் மணியை அழுத்துகிறார்கள் என்று அர்த்தம். சாதாரணமாக அழுத்தவில்லை, விட்டு எடுக்காமல் அழுத்துகிறார்கள். வீடே நடனக் கூடம் போல மின்னியது.

கதவைத் திறந்தால் கீழ் வீட்டு இவோன். வசந்த காலத்தில் குடிவந்தவர், மருத்துவமனையில் இரவு செவிலி. படிக்கட்டில் எதிர்ப்பட்டால் தலையசைப்பதோடு சரி. இப்போது சீருடைமேல் கம்பளிச் சட்டையும், கண்ணுக்குக் கீழே கருவளையமுமாக நின்றார். கையில் அந்தக் காகிதம். வாய் வேகமாக அசைந்தது. அவ்வளவு பெரிதாக வாயைத் திறந்து யாரும் காலை வணக்கம் சொல்வதில்லை.

சிக்ஸ்டன் பொறுமையாகத் தன் காதைச் சுட்டி, கேட்காது என்று தலையசைத்தார்.

இவோனின் வாய் பாதியில் நின்றது. காகிதத்தைப் பார்த்தார். சிக்ஸ்டனைப் பார்த்தார். கையிலிருந்த காகிதத்தை மெதுவாக மடித்துவிட்டு, ஃபோனை எடுத்துத் தட்டச்சு செய்து காட்டினார்.

"நீங்க என்னைக் கேலி பண்ணி எழுதினீங்கன்னு நெனச்சேன். சத்தம் உங்க வீட்லேர்ந்துதான் வருது."

"எங்க வீட்லயா? சத்தமா? இங்க ஒண்ணும் இல்லையே!"

"வாங்க, காட்டறேன்."

உள்ளே வந்து, அறை வாசலில் நின்று, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பெட்டியைப் பார்த்து முகவாயை நீட்டினார் இவோன். சிக்ஸ்டன் தன் காலுறையைப் பார்த்தார். காலுறைக்குக் கீழே தரை இதமாக அதிர்ந்துகொண்டிருந்தது. அந்தத் தரைதான் கீழ் வீட்டுக்காரிக்குக் கூரை. கழுத்திலிருந்து மேலே சிவந்துகொண்டே போனார்.

சிலர் இந்த இடத்தில் மன்னிப்பை நீட்டி முழக்குவார்கள். சிக்ஸ்டன் குனிந்து பிளக்கைப் பிடுங்கினார்.

மாய்கென் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டாள். பிறகு அதே கைகளால் பேச ஆரம்பித்தாள்.

"என்னடா மனுஷா, பாதி ஓடியிருந்துச்சே! மறுபடி முதல்லேர்ந்து நாலு மணி நேரம் ஆகுமே! ஆறு மணிக்குத் தூரே வந்து சங்கத்துல உக்காந்திருப்பான். என்னத்தப் போடுவ? பன்னையா?"

"அந்தம்மா தூங்க வேண்டாமா?"

"தூங்கட்டும். வேண்டாம்னு யார் சொன்னா? ஆனா தூரே அடுத்த வருஷம் பாத்துக்கறேன்னு சொல்ற நெலமையில இல்லையே!"

இவோனுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் கையில் இருந்த பதற்றம் புரிந்தது. "என்ன விஷயம்?" என்று தட்டினார். சிக்ஸ்டன் சுருக்கமாக எழுதிக் காட்டினார்: நண்பன், கண், படம், இன்று மாலை.

இவோன் ஐயோ பாவம் என்று முகத்தைச் சுளிக்கவில்லை. செவிலி அல்லவா, செவிலி கேட்க வேண்டியதைக் கேட்டார். "நடுவுல எவ்வளவு பார்வை மிச்சம்?"

சிக்ஸ்டன் ஒரு காபித் தட்டை எடுத்து, கையை முழுதாக நீட்டிப் பிடித்துக் காட்டினார்.

இவோன் தட்டின் அகலத்தைக் கண்ணால் அளந்தார். பிறகு தட்டச்சு செய்தார்.

"பன்னண்டுலேர்ந்து நாலு வரைக்கும் சலவை அறை எனக்குப் பதிவாகியிருக்கு. அங்க வெச்சு ஓட்டுங்க. அங்க எல்லாமே உறுமிட்டுத்தான் இருக்கும், யாரும் கேக்க மாட்டாங்க."

மாய்கென் எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தாள். சலவை நேரமா? கட்டிடத்துக்கே பொதுவான ஒரே சலவை அறையில் முறை பிடித்து, சாவியோடு பலகையில் பூட்டி வைத்த சலவை நேரத்தையா? அந்தக் கட்டிடத்தில் சிலர் சாகும்போது கூட அதை விட்டுக்கொடுத்ததில்லை.

"உங்க துணி?" என்று எழுதினார் சிக்ஸ்டன்.

"இன்னும் ஒரு வாரம் அழுக்கா இருக்கட்டும். எனக்கு இப்ப வேணுங்கறது தூக்கம். பன் தீயுது, பாருங்க."

பன் தீயத்தான் தீய்ந்தது. அடித்தட்டு முழுவதும் கரி. மேல்தட்டிலிருந்து ஆறு பன்களைப் பையில் போட்டு இவோன் கையில் திணித்தாள் மாய்கென்.

பன்னிரண்டு மணிக்குப் பெட்டி, திரை, விசைப்பலகை எல்லாம் அடித்தளத்துக்கு இறங்கின. துணி மடிக்கும் மேசையில் திரையை வைத்து, பெட்டியை சிமென்டுத் தரையில் வைத்து ஓடவிட்டார் சிக்ஸ்டன். ஒரு நிமிடம்கூட இடத்தைவிட்டு நகராமல், மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து திரையில் நகரும் பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு மணிக்குக் கதவு திறந்தது. முதல் மாடி ஹோல்மர், கையில் துணிக்கூடை. அடுத்த நேரம் அவருடையது. கோடு இன்னும் முடியவில்லை, ஒரு விரல்கடை பாக்கி. மற்றவர் சலவை நேரத்துக்குள் நுழைந்துவிட்ட குற்றவாளியாக சிக்ஸ்டன் எழுந்து நின்று, இரண்டு கையையும் விரித்துக் கெஞ்சினார்.

ஹோல்மர் பலகையைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். கணினியைப் பார்த்தார். திரையில் ஒரு கிழவர் கறுப்புத் துணிக்கு முன்னால் உட்கார்ந்து கையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஹோல்மர் தன் துணியை இயந்திரத்தில் போட்டார். பிறகு சோப்புத் தூள் டப்பாவை எடுத்து வந்து, கணினிப் பெட்டிக்கு மேலே பிடித்து, எவ்வளவு போடட்டும் என்பது போலப் புருவத்தை உயர்த்தினார்.

சிக்ஸ்டன் சிரித்த சிரிப்பு மூன்றாம் மாடி வரை போயிருக்கும். நல்லவேளையாக இவோன் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். கோடு முடிந்தது. திரையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏற ஹோல்மரே உதவினார்.

சங்கத்தில் தூரேயைத் திரைக்கு நேர் எதிரில், சுவரோரமாகத் தள்ளி உட்காரவைத்தார் சிக்ஸ்டன். குழாய்ப் பார்வைக்குக் கிட்டத்தில் உட்காருவது தப்பு. தள்ளி இருந்தால்தான் முழு உருவமும் உள்ளே விழும். விளக்கை அணைப்பதற்கு முன்பு எல்லோரும் பேசி முடிக்கவே அரைமணி ஆனது. இருட்டில் பேச முடியாதே.

படம் ஓடியது. சிக்ஸ்டன் திரையைப் பார்க்கவில்லை, தூரேயின் கழுத்தைப் பார்த்தார். வழக்கமாகத் தூரே யாரிடம் பேசினாலும் தலை கோழியைப் போல வெட்டி வெட்டித் திரும்பும். எதிராளியின் கையைத் துரத்திக்கொண்டே இருக்க வேண்டும் அவருக்கு. அன்று அந்தக் கழுத்து அசையவில்லை. கதைக்குப் பின் கதையாகத் தலை ஒரே இடத்தில் நின்றது. தோள் தளர்ந்து, முதுகு நாற்காலியில் சாய்ந்தது. வேண்டிய இடத்தில் எல்லாம் எல்லோருக்கும் முன்பாகச் சிரித்தார். வெர்னர் சமையற்கட்டில் பன் திருடிய கதை வந்தபோது மட்டும் சிரிக்காமல் முன்னால் சாய்ந்தார்.

விளக்கு எரிந்ததும் எழுந்து சிக்ஸ்டனைத் தேடினார். சிக்ஸ்டன் அவர் எதிரில் போய் நின்றார்.

"டேய் பல்லு, ஒரு வார்த்தை விடாம பாத்தேன்டா. மூணு வருஷமா இப்படி நான் யார் பேசியும் பாத்ததில்ல."

"சரி, சரி. காபி குடி."

"இரு. படம் நல்லாயிருக்கு, ஆனா பொய்ப் படம். பன் திருடினது அவனா? அந்த வெர்னரா? அவன் வாசல்ல நின்னு நடுங்கிட்டு இருந்தான். சன்னல் வழியா இறங்கினது நான்டா!"

"ரெண்டு வருஷமா உன்னக் கூப்பிட்டேன். படம் எடுக்க வேண்டாம்னு சொன்னது யாரு?"

"மத்தவன் என் கதையத் திருடுவான்னு எனக்கென்ன தெரியும்? நாளைக்கே எடு. எடுத்து உள்ள சேரு. இன்னொரு தரம் என் கண்ணால பாக்கணும். எனக்கு ரொம்ப நாள் கடன் சொல்ல வசதி இல்ல, தெரியுமில்ல?"

அப்போதுதான் சிக்ஸ்டன் பெட்டியின் கதையைச் சொன்னார். காகிதத்துக்கு அடியில் தான் எழுதியதையும் ஒளிக்காமல் சொன்னார். தூரே மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"அறுபது வருஷமாச்சு, சத்தம் போட்டு மாட்டிக்கறத நீ இன்னும் விடலையா?"

அன்று இரவு தூரே அவர்கள் வீட்டு சோபாவிலேயே படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை இவோன் வேலை முடிந்து படியேறி வந்தபோது மூவரும் கோட்டு மாட்டிக்கொண்டு, கணினிப் பெட்டியோடு வாசலில் நின்றிருந்தார்கள். சிக்ஸ்டன் ஃபோனை நீட்டினார். "கடைக்குப் போறோம். சத்தமில்லாததா ஒண்ணு தேர்ந்தெடுக்கணும். எங்க மூணு பேருக்கும் சேத்து ஒரு காதுகூட இல்ல. ஒரு மணி நேரம் வரீங்களா? தூக்கத்தக் கெடுக்கறேன், தெரியும்."

"இதுக்கு வராம வேற எதுக்கு வருவேன்" என்று இவோன் பதில் எழுதினார்.

சத்தம் அடக்கும் பெட்டிகள் முந்தின நாள்தான் சோரான் கடைக்கு வந்திருந்தன. உள்ளே இருக்கும் பாகங்கள் அப்படியே இருக்கட்டும், வெளிப்பெட்டியும் ஃபேனும் மட்டும் மாற்றினால் போதும் என்றார். மாதிரிக்கு மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மூன்றிலும் கனமான வேலையை ஓடவிட்டார். இவோன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முதலாவதுக்கு உதட்டைப் பிதுக்கினார். இரண்டாவதில் கொசு ஒன்று கத்துகிறது என்று சாடை காட்டினார். மூன்றாவதுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தலையைச் சாய்த்துக் கேட்டார்.

கேட்டுக்கொண்டே இருந்தார்.

சிக்ஸ்டனும் தூரேயும் அந்தப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்கள். ஒன்றுமே தெரியவில்லை.

"செத்துப்போச்சா?" என்றார் தூரே.

"ஓடுது. திரையப் பாரு."

"இது நல்லதுன்னு யார் சொன்னா?"

சிக்ஸ்டன் நண்பரின் தோளைப் பிடித்து மெதுவாகத் திருப்பி, அவருடைய குழாய்ப் பார்வைக்கு நேரே இவோனைக் கொண்டுவந்தார். வாய் லேசாகத் திறந்திருக்க, கை மடியில் விழுந்திருக்க, இவோன் நல்ல தூக்கத்தில் இருந்தார்.

சோரான் பெட்டியை மாற்றிக் கட்டி முடிக்கும் வரை யாரும் அவரை எழுப்பவில்லை. பிறகு மாய்கென் தோளைத் தொட்டு எழுப்பி, வீடு கொண்டுவந்து சேர்த்து, அவர் கதவு மூடிய பிறகுதான் மாடி ஏறினாள். சிக்ஸ்டன் கணினியை மேசைமேல் வைத்தார், அடியில் ஒரு கம்பளத் துண்டையும் போட்டார். மதியத்துக்கு முன்பே சமையலறைச் சுவரில் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு, சன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி தூரேயை முக்காலியில் உட்காரவைத்து, கேமராவை ஓடவிட்டார்.

"கையைக் கொஞ்சம் மேல தூக்கு" என்றார்.

"தூக்கிட்டேன். எடுக்கறியா?" தூரே தொண்டையைச் செருமிக்கொள்வதைப் போல விரல்களை உதறிக்கொண்டார். "நல்லா பாத்துக்கங்க எல்லாரும். சன்னல் வழியா இறங்கினது நான்."